மூக்கில் கைக்குட்டை

ஜூன் 3

அன்புள்ள பெரியம்மாவுக்கு,

நலம். உங்கள் மூட்டுவலி எப்படி இருக்கிறது?

இங்கே படிப்பைவிட வேலைக்குத் தயாராவதுதான் பெரிய படிப்பு. கடைசி வருடம் தொடங்குவதற்குள் நேர்காணல் பயிற்சி ஆரம்பித்துவிட்டது. "மார்க் எல்லார்கிட்டயும் இருக்கு. உங்ககிட்ட ஒரு சோகம் இருக்கா?" என்கிறார் பயிற்சியாளர். ஆளுக்கொரு சோகக் கதை வேண்டுமாம். என் அறைத்தோழி, உயிரோடிருக்கும் தாத்தாவைக் கொன்றே விட்டாள்!

நானும் ஒன்று தயாரித்து வீடியோ எடுத்தேன். கல்லூரியின் இணையப் பக்கத்தில் போட்டிருக்கிறார்கள். வேலை தரும் நிறுவனத்திலிருந்து வீட்டார் ஒருவரிடம் பேசுவார்களாம். உங்கள் எண்ணைக் கொடுத்திருக்கிறேன். நல்லதாக நாலு வார்த்தை சொல்லுங்கள்.

அன்பு மகள்,
வாலு

ஜூன் 11

வாலுவுக்கு,

வழக்கமாக எழுதும் 'செல்லமே' இன்று பேனாவில் வரவில்லை.

மாடிக்குப் புதிதாகக் குடிவந்த தையல்காரி நேற்று உன் வீடியோவைக் காட்டினாள். கடைசிவரை பார்த்தேன். அதில், படுக்கையில் கிடந்த உன் பெரியப்பாவின் புண்ணைக் கழுவியது நீ. எச்சில் துடைத்தது நீ. படுக்கைவிரிப்பை வெந்நீரில் அலசியது நீ. "பெரியம்மாவுக்கு வாடை தாங்கல. மூக்குல கைக்குட்டைய வெச்சிக்கிட்டு வாசல்லயே நின்னுடுவாங்க" என்று கண் கலங்குகிறாய்.

தையல்காரி என் கையைத் தட்டிக்கொடுத்து, "விடுங்கம்மா, எல்லாருக்கும் அந்த மனசு வராது" என்றாள்.

அவர் படுக்கையில் விழுந்த பிறகு நீ வந்தது ஒரே ஒரு முறை. வாசலில் நின்றாய். உன் மூக்கில் நீலக் கரை போட்ட கைக்குட்டை. அதைப் பார்த்துவிட்டு அவர், "பாப்பாவுக்குச் சளி பிடிச்சிருக்கு போல. உள்ள கூப்பிடாத" என்றார். உன் மானத்தைக் காப்பாற்றினார்.

அலசிய தண்ணீரின் நிறம்வரை சொல்கிறாயே, அது நான் உனக்கு எழுதியது. வேறு யாருக்கும் எழுதாதது. அவர் கிடந்த காலமெல்லாம் எனக்கு ஒரு நாளும் குமட்டியதில்லை. நேற்று குமட்டியது.

வீடியோவை நீக்கு. என் எண்ணையும்.

பெரியம்மா

ஜூன் 17

அன்புள்ள பெரியம்மாவுக்கு,

கோபப்படாதீர்கள். எல்லாரும் செய்வதுதானே? "கதையில ஒரு கெட்டவங்க இருந்தாதான் எடுபடும்" என்று பயிற்சியாளர் சொன்னார். உங்கள் பெயரையா சொன்னேன்?

அப்பாவின் கடையை மூடியாகிவிட்டது. இந்த வேலை போனால் வீட்டுக்கு எந்த முகத்தோடு போவேன்? எண்ணை இனி மாற்ற முடியாது. 'ஆமாம்' என்று ஒரே ஒரு வார்த்தை போதும். பெரியப்பா இருந்திருந்தால் எனக்காகச் சொல்லியிருப்பார்.

உங்கள்
வாலு

ஜூன் 25

வாலுவுக்கு,

பேசினார்கள். மரியாதையான பெண்தான். "உங்க வீட்டுக்காரரை உங்க தங்கச்சி பொண்ணுதான் பாத்துக்கிட்டாங்களாமே, மேடம்?" என்றாள்.

அவர் சொல்லியிருப்பார் என்று எழுதினாயே, அது உண்மை. அதனால்தான் 'இல்லை' என்பது என் தொண்டைவரை வந்து நின்றுவிட்டது. ஆனால் 'ஆமாம்' சொல்ல நான் அவர் இல்லை. "அது என் கணவருடைய உடம்பு. அதைப் பற்றி அந்நியரிடம் நான் பேசுவதில்லை" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

இதற்கு மேல் என்னால் இறங்க முடியாது.

பெரியம்மா

ஜூலை 2

என் தங்கப் பெரியம்மாவுக்கு,

வேலை கிடைத்துவிட்டது!! உங்களால்தான்! "உங்க பெரியம்மாவால பேசவே முடியல, பாவம். இன்னும் மனசு உறுத்துது போல" என்றார்கள். அதிலேயே எல்லாரும் உருகிவிட்டார்களாம். பார்த்தீர்களா, நீங்கள் பொய்யே சொல்லவில்லை!

இன்னும் ஒரே ஒரு உதவி. புதிதாகத் தேர்வானவர்களை அடுத்த மாதம் மேடையில் பேசச் சொல்கிறார்கள். பெரியப்பாவின் கடைசி நாளைப் பற்றி நீங்கள் எனக்கு எழுதியதே இல்லை. என்ன பேசினார், எப்படி இருந்தார் என்று கொஞ்சம் விவரமாக எழுதுங்களேன். உங்களைப் போல யாருக்கு எழுத வரும்?

முத்தங்களுடன்,
வாலு

ஜூலை 10

செல்வி அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது.

இங்கே வெயில். குழாயில் தண்ணீர் ஒழுங்காக வருகிறது. மூட்டுவலி இல்லை.

வேறு செய்தி இல்லை.

இப்படிக்கு,
தங்கள் தாயாரின் தமக்கை