ஆளு கரை ஏறட்டும், பொறவு விசில்

எலே, பெரிய சேதி, நம் கம்ப்யூட்டர் எழும்பிவிட்டது, ஒரு மிடறு சாயா தொண்டையில் இறங்குவதற்குள் எழும்பிவிட்டது, அதுவும் உன் குரலோடு.

கழற்றிய பழைய ஹார்டு டிஸ்க் மேசையில் கிடக்கிறது. திருகாணியெல்லாம் துரு. தொட்டால் விரலில் ஒட்டுகிற அந்த வாடை, உன் வீட்டு ஜன்னல் கம்பியின் வாடைதான். கடலைப் பார்த்த அந்த ஜன்னலுக்குக் கீழேதானே இந்தப் பெட்டி இருந்தது.

குளச்சல் பக்கத்துக் கரைகளில் எங்கே பந்தாட்டம் நடந்தாலும் மைக் உன் கையில். வீடியோவில் கோல்களை மட்டும் வெட்டி, பாட்டை ஒட்டி நம் சேனலில் ஏற்றுவது என் வேலை; உன் முழுக் கமெண்டரி இந்தப் பெட்டியிலேயே கிடக்கும். இரண்டு பேருமே நெட்டில் பார்த்து, கெடுத்து, மறுபடி திருத்திக் கற்றவர்கள். கம்ப்யூட்டர் திறந்ததும் கேட்கும்படி நீ உன் குரலைப் பதிந்து வைத்தாய்: “ஏட்டி, வந்தியா?” எல்லா இடத்துக்கும் பிந்தி வருகிற நீ என்னைக் கேலி செய்ய வைத்தது அது.

போன மழையில் பைக்கோடு விழுந்தாய், எழும்பவேயில்லை. பிறகு உன் அம்மாவே இந்தப் பெட்டியை என் வீட்டுக்குக் கொண்டு வந்தார்.

“எனக்கு இத எப்பிடி போடணும்னு தெரியாது மக்கா. நீ போடு, நான் வந்து கேட்டுட்டுப் போறேன்.”

அன்றிலிருந்து சாயங்கால ஜெபம் முடிந்ததும் வருகிறார். அந்த ஒரு குரலுக்காக உட்கார்ந்திருப்பார். கேட்டதும் எழுந்து போவார்.

அப்படியிருக்க டிஸ்க் கறகறக்கத் தொடங்கியது. அது போனால் உன் குரலும் போய்விடும். புதியது ஒன்று வாங்கி, விண்டோஸை அதில் போட்டேன். பழையதையும் உள்ளேயே விட்டு, உன் குரலை அங்கிருந்து எடுத்துக்கொள்ளும்படி வைத்தேன். மற்றதை மெல்ல மாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

பிறகுதான் வினை. பட்டனை அழுத்தினால் கறுப்புத் திரை. நான் குளித்து வந்தாலும் அதே கறுப்பு. தேவையில்லாத புரோகிராம்களை நிறுத்தினேன், வயரை மாற்றினேன், புதிய டிஸ்கிலிருந்தே தொடங்கும்படி செட்டிங்கை மாற்றினேன். குரூப்பில் கேட்டால் ஆளுக்கொரு வைத்தியம். அலுத்துப்போய் ரிப்பேர் கடை அண்ணனிடம் தூக்கிக்கொண்டு போனேன்.

“ஏ பிள்ளே, புதுசு எப்பவே ரெடி. இந்தப் பழசு இன்னும் பதில் சொல்லேல்ல. அதுக்காக்கும் மெஷினு காத்துக் கெடக்கு. கழத்தித் தூரப் போடு.”

கழற்றினார். உடனே திறந்தது. அன்று சாயங்காலம் உன் அம்மா வந்து உட்கார்ந்தார். திரை வந்தது. வேறொன்றும் வரவில்லை.

“என்ன மக்கா, அவன் ஒண்ணும் பேசலியே?”

“நாளைக்கு வாங்க மாமி” என்றேன்.

நம் மைதானத்தை நினைத்துக்கொண்டு கிடந்தேன். ஆடவேண்டிய ஒருவன் மீனுக்குப் போன வள்ளம் இன்னும் வரவில்லை என்றால் ஆட்டம் தொடங்காது. எதிர் டீம் கத்தும். மணலில் உட்கார்ந்திருப்பவர்கள் முனகுவார்கள். நீ மைக்கில் அசராமல் சொல்வாய்: “ஆளு கரை ஏறட்டும், பொறவு விசில்.”

மறுநாள் பழைய டிஸ்கை மறுபடி மாட்டினேன். இந்த முறை அதை அவசரப்படுத்தவில்லை. கறுப்புத் திரைக்கு முன்னால் சும்மா இருந்தேன். வந்தது. முதலில் “ஏட்டி, வந்தியா?”வைப் புதியதற்கு மாற்றினேன். அது முழுசாக வந்துவிட்டது. உன் கமெண்டரியில் பெரும்பாலானவை பாதியில் உடைந்திருந்தன. பந்து கோல் வாசலுக்குப் போகும், நீ அங்கேயே நின்றுவிடுவாய். கொஞ்சநேரத்தில் டிஸ்க் ஒரேயடியாக அடங்கிவிட்டது.

இன்று உன் அம்மா வந்து உட்காரும் முன்பே குரல் கேட்டது.

“இம்புட்டு சீக்கிரமா? அவன் எங்கயும் பிந்தியாக்கும் வருவான்” என்று சிரித்தார். எழுந்து போகவில்லை. “இன்னும் ஒருக்கா போடு மக்கா.”

போட்டேன். அதைத் தவிர வேறு குரல் என்னிடம் அதிகம் இல்லை.

அதனால் இதை நம் சேனலிலேயே போடுகிறேன், கோபப்படாதே. வாசிக்கிறவர்களே, இவன் மைக் பிடித்த ஆட்டம் எதையாவது போனில் எடுத்திருந்தால் எனக்கு அனுப்புங்கள். கை ஆடியிருந்தாலும், காற்று இரைந்தாலும் சரி, ஒரு வரி கேட்டால் போதும். வெளிநாட்டில் இருக்கிற உங்கள் ஆட்களுக்கும் இதை அனுப்புங்கள், பழைய போன்களைத் தேடச் சொல்லுங்கள். பிந்தினாலும் பரவாயில்லை. நாங்கள் மணலில்தான் உட்கார்ந்திருக்கிறோம்.