அஸருக்குப் பின் எடுத்த இரத்தம்

நோன்பு துறக்க வாங்கிய மீனை ஐஸ் போட்டு வைக்கலாமென்று பழைய ரெஜிபோம் பெட்டியை இன்று இறக்கினேன். மூடியில் உன் கையெழுத்து: "கல்முனைக்குடி, வெறும் வயிறு." மீனை அடுத்த வீட்டுக்குக் கொடுத்துவிட்டேன்.

தங்கச்சி, ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் வருடக்கணக்காக வேலை செய்த நீ, நாற்பத்தைந்து வயதில் மருத்துவ பீடத்தில் ஆராய்ச்சிப் பட்டத்துக்குப் பதிந்தாய். பாண்டிருப்பு ஆட்களின் இரத்தக் கொழுப்பை நம்மூர் கல்முனைக்குடி ஆட்களுடையதோடு ஒப்பிடும் ஆய்வு. பாண்டிருப்பில் விடியற்காலைகளில் வெறும் வயிற்று இரத்தம் எடுத்து முடித்தாய். நம்மூரில் அந்த நேரம் ஆண்கள் கடலில். பெண்களோ பிளேன்டீ குடிக்காமல் வாசலைத் தாண்ட மாட்டார்கள்.

நான்தான் வழி சொன்னேன். "நோன்பு வருகுதுதானே புள்ள. அஸருக்குப் பிறகு, பின்னேரம் எடு. சஹர் சாப்பாட்டிலிருந்து பன்னிரண்டு மணித்தியாலம், கணக்குச் சரி."

"பேராசிரியர் சேர்க்கிட்டக் கேட்டுட்டுச் செய்வமா காக்கா?"

"விஞ்ஞானம் படிப்பிச்சவன் சொல்றன். இதுக்குமா சேர்?"

நம் வாசலில் ஆட்கள் நிறைந்தார்கள். சுபைதா ராத்தா கையை நீட்டிக்கொண்டே, "ரத்தத்தையும் நீ எடுத்துட்டா, பாங்கு சொல்லும் வரைக்கும் நான் என்னத்தில நிக்கிற?" என்றா. "கஞ்சி ரெண்டு கோப்பை கூடக் குடிங்க. ரிசல்ட் முதல்ல உங்களுக்குத்தான்" என்றாய் நீ.

உன் பேராசிரியர் ஏற்கவில்லை. பாண்டிருப்பில் எடுத்தது இரவு உறங்கி எழுந்த உடம்பின் இரத்தம். நம்மூரில் எடுத்தது பகல் முழுக்க வேலை செய்து, தண்ணீரும் குடிக்காத உடம்பின் இரத்தம். ஒருவனைச் சப்பாத்தோடும் மற்றவனை வெறுங்காலோடும் அளந்து யார் உயரமென்று கேட்கக் கூடாது என்று முப்பது வருடம் படிப்பித்தவன் நான்.

"திரும்ப எடுக்கலாம் காக்கா, நம்மட ஆக்கள்தானே" என்றாய். மாரி வருமுன் புற்றுநோய் உன்னைப் படுக்கையில் போட்டது. பிறகு மையவாடியில் அடக்கினோம்.

உன் குறிப்புக் கொப்பியைக் கொண்டுவந்த சக மாணவி சொல்லித்தான் மிச்சம் தெரியும். இடம் போதாமல் நீ இரத்தம் சேர்த்த குழாய்களைச் சோதிக்காமலே பீடத்தில் அப்புறப்படுத்திவிட்டார்களாம். "யார் சொல்லி இப்படிச் செய்தீர்?" என்று பேராசிரியர் சத்தம் போட்டபோது, "என்ட யோசனைதான் சேர்" என்றாயாம்.

அவருக்கு உண்மையை எழுதப் பலமுறை உட்கார்ந்தேன். "மதிப்பிற்குரிய" என்பதைத் தாண்டிப் பேனா நகரவில்லை.

இன்று பின்னேரம் சுபைதா ராத்தா படலையில் மறித்தா. "மாஸ்டர், தங்கச்சி எடுத்த என்ட ரத்தத்தில என்ன இரிந்திச்சாம்?"

"இன்னும் வரல்ல ராத்தா" என்றேன், நோன்பு வாயோடு.