தங்கை கொண்டுவந்த சிவப்புக் கல்

4.10.2025, சனி. சோலோதுர்ன், சுவிஸ்
தங்கை தனுஷியா இன்று விமானம் ஏறிவிட்டாள். ஆஸ்திரேலியப் பாலைவனத்தில் நிற்கும் உலுரு என்ற செம்பாறையை இரண்டு பேருமாகப் போய்ப் பார்ப்பதாக இருந்தது. திட்டம் போட்டதே நான்தான். எனக்கு லீவு கிடைக்கவில்லை. நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில், பள்ளிப் பிள்ளைகள் உள்ளவர்களுக்குத்தான் ஒக்டோபர் விடுமுறையில் முதலிடம். எனக்குப் பிள்ளை இல்லை. அதற்கும் ஒரு தண்டனை!

9.10
படம் அனுப்பியிருக்கிறாள். மாலை வெயிலில் பாறை தணலாய்க் கிடக்கிறது. முன்னால் இவள், பல்லெல்லாம் தெரிய. "வடிவா இருக்கு" என்று பதில் போட்டேன். வயிறு எரிகிறது.

26.10
அங்கிருந்து ஒரு கல்லும் கொண்டுவந்தாளாம். சுவாமி அறையில் வைத்து, விபூதி பூசி, விளக்கேற்றுகிறாளாம். அவள் இருக்கும் ஷாஃப்ஹவுசன் ஊரின் தமிழ்ச் சனமெல்லாம் போய்ப் பார்க்கிறதாம். அவளின் பக்கத்து வீட்டுப் பத்மினியக்கா சொல்லித்தான் எனக்குத் தெரியும். சொந்த அக்காவிடம் ஏன் மறைத்தாள்?

29.10
இணையத்தில் தேடினேன். அந்தப் பாறை அங்குள்ள ஆதிக்குடிகளான அனங்கு மக்களுக்குப் புனிதமானது. ஒரு கல்லும் எடுக்கக் கூடாது. எடுத்துப் போனவர்கள் பலர் மன்னிப்புக் கடிதத்தோடு தபாலில் திருப்பி அனுப்புகிறார்களாம்.
இரண்டு தரம் வாசித்தேன். உண்மையைச் சொன்னால், சந்தோஷமாக இருந்தது.

2.11, ஞாயிறு
தனுஷியா வீட்டில் மதியச் சாப்பாடு. பத்துப் பேருக்கு முன்னால் கேட்டேன்: "களவெடுத்த கல்லுக்கோ விளக்கு வைக்கிறாய்? எங்கட நல்லூர்க் கோயிலில ஒருத்தன் கல்லைப் பேர்த்துக்கொண்டு போனா விடுவியோ?"
அவள் எழும்பிப் போய், கல்லைக் கொண்டுவந்து என் கையில் வைத்தாள்.
"எனக்கு உது தெரியாதக்கா. நீ வரேலாமப் போச்செண்டு உனக்குத்தான் எடுத்தனான். உன்ர பிறந்தநாள் வரைக்கும் சுவாமியறையில இருக்கட்டுமெண்டு வைச்சனான்."
ஐயோ, நான் என்ன செய்துபோட்டன்?

5.11
நாலு தரம் போன் எடுத்தேன். அவள் தூக்கவில்லை.

7.11
கல்லைக் கழுவித் துடைத்து, கடிதமும் வைத்துத் தபாலில் சேர்த்துவிட்டேன். "எடுத்தது நான். மன்னியுங்கள். புனிதவதி." தங்கையின் பெயரைப் போட மனம் வரவில்லை. அவளைக் காப்பாற்றத்தானே?
ஓம். ஆனால் அதோடு நிறுத்தவில்லையே! எந்தப் பக்கத்தில் குனிந்து எடுத்தேன், பாறையைச் சுற்றி எவ்வளவு நேரம் நடந்தேன், செருப்புக்குள் மண் எப்படிச் சுட்டது என்று இன்னும் அரைப் பக்கம் எழுதியிருந்தேன்.
தபால் கந்தோரில் வைத்துத் திரும்ப வாசித்தேன். கிழிக்கவில்லை. அப்படியே அனுப்பினேன்.