நான் அடுக்கிய ஏழு முறங்கள்

முத்தியால்பேட்டை,
புதுச்சேரி.
11-11-1984

மதிப்பிற்குரிய தெய்வசிகாமணி சார் அவர்களுக்கு,

லூர்துசெல்வி வணக்கத்துடன் எழுதுவது. சென்ற கோடையில் நீங்கள் பழைய பிரெஞ்சுக்காரர் கிடங்கு இருந்த இடத்தைப் பழங்காலப் பொருள்களுக்காகத் தோண்டியபோது, உங்களிடம் குழி வெட்டிய பக்கத்து வீட்டு அம்மாவாசை மாமாவோடு சனிக்கிழமைதோறும் வந்து நிற்பேனே, கண்ணாடி போட்ட பெண், நான்தான் அது. சென்னையில் நீங்களும் வீட்டில் எல்லோரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

இங்கே பத்து நாளாக மழை. நீங்கள் மூடிவிட்டுப் போன குழிகள் பத்திரமாக இருக்கின்றன. நான்காவது குழியின் ஓலை மட்டும் பறந்துவிட்டது. காவல்காரர் முருகையன் வேறு போட்டார். தை மாதம் மறுபடி வேலை தொடங்குகிறது என்று அவர்தான் சொன்னார். ஆட்களின் பட்டியல் வந்திருக்கிறதாம். அதில் அம்மாவாசை மாமாவின் பெயர் இல்லையாம். அதனால்தான் எழுதுகிறேன். ஏழு மாதத்துக்கு முன்பே எழுதியிருக்க வேண்டும்.

ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை, கழுவிய ஓட்டுச் சில்லுகள் ஏழு முறங்களில் காய்ந்துகொண்டிருந்தன. ஒவ்வொன்றிலும் எந்தக் குழி, எத்தனை அடி ஆழம் என்று எழுதிய சீட்டு, அதன்மேல் ஒரு கல். சாப்பிடப் போன மாமா, "பாப்பா, ஆடு வந்து மெதிச்சிரப்போவுது, செத்த நேரம் பாத்துக்க" என்றார்.

நீலப் பூப் போட்ட பீங்கான் துண்டுகள் நான்கு முறங்களில் சிதறிக் கிடந்தன. கறுப்புச் சட்டி ஓடுகளும் அப்படியே. எங்கள் பள்ளி நூலகத்தில் புத்தகங்களை வகை பிரித்து அடுக்குவது என் வேலை. ஆசிரியை எப்போதும் பாராட்டுவார். அதே நினைப்பில் நீலத்தை ஒரு முறத்தில், கறுப்பை ஒன்றில், சிவப்பை ஒன்றில், புகையிலை பிடிக்கும் மண்குழாய்த் துண்டுகளை ஒன்றில் என்று சேர்த்தேன். ஏழும் அழகாக இருந்தன. சீட்டுகளைக்கூட நேராக வைத்தேன். மாமா திரும்பிய நேரம் தூறல் விழுந்தது. அவர் எதையும் பார்க்காமல் அவசரமாக முறங்களை உள்ளே தூக்கி வைத்தார். நீங்களே பார்த்து மகிழட்டும் என்று நான் ஒன்றும் சொல்லவில்லை.

திங்கட்கிழமை பள்ளி விட்டு வந்தபோது, மாமா தோள்துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு உங்கள் முன்னால் நின்றார். "சில்லு குப்பமேட்டுலகூட கெடைக்கும்யா! அது கெடந்த ஆழம்தான் எனக்கு வேணும். எது முன்னாடி, எது பின்னாடின்னு இனிமே யாரு சொல்லுவா? வெட்டுன குழிய இன்னொரு தரம் வெட்ட முடியுமா?" என்று சத்தம் போட்டீர்கள். அப்போதுதான் நான் செய்தது என்னவென்று எனக்கே புரிந்தது. மாமா, "தூறல்ல அவசரமா தூக்குனன் சார். சரிஞ்சத அள்ளிப் போட்டப்ப என் கைதான் மாத்திடுச்சி போல" என்றார். அவர் என்னைக் காப்பாற்ற அப்படிச் சொல்லவில்லை. அப்படித்தான் நடந்தது என்று நம்பிவிட்டார்.

நீங்கள் என் பக்கம் திரும்பி, முறத்தில் யாராவது கை வைத்தார்களா என்று கேட்டீர்கள். தெரியாது என்றேன். "நீ போம்மா, நல்ல பொண்ணு" என்று தலையைத் தட்டிக்கொடுத்தீர்கள். அதை நினைத்தால் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. மாதா கோயிலில் பாவசங்கீர்த்தனத்தின்போது சாமியாரிடம் சொல்லிவிட்டேன். சொன்ன பிறகும் மாமா எதிரே வந்தால் தலை தானாகக் குனிகிறது.

மாமா இப்போது கோரிமேட்டில் கட்டட அஸ்திவாரத்துக்கு மண் வெட்டுகிறார். உங்களிடம் வந்த பழக்கத்தில் மெல்ல மெல்லச் சுரண்டி எடுக்கிறாராம். "யோவ், இங்க என்னா பொதையலா எடுக்குற?" என்று மேஸ்திரி கேலி செய்கிறாராம். எங்கள் வீட்டு வாசலில் நின்று இதைச் சொல்லி அவரே சிரித்தார். பிறகு, "ஒரு கைத்தப்பு, சாரு மனசு விட்டுப்போச்சி" என்றார். அம்மா உச்சுக் கொட்டினார். நான் படிப்பதுபோல் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தேன்.

எந்தச் சில்லு எந்த முறத்தில் இருந்தது என்று யோசித்து யோசித்துப் பார்த்தேன். பதினொன்றுதான் நிச்சயமாக நினைவிருக்கிறது. அவற்றைப் படம் வரைந்து இதோடு வைத்திருக்கிறேன். மற்றவை தெரியாது சார். தெரிந்ததுபோல் எழுதினால் இன்னொரு முறை கலைத்ததாகிவிடும்.

என்னை இனிமேல் குழிப் பக்கமே விட வேண்டாம். மாமாவைத் தயவுசெய்து மறுபடி எடுத்துக்கொள்ளுங்கள். அவருக்கே ஒரு கடிதம் போடுங்கள். கலைத்தது யார் என்று என் பெயரைச் சொல்லியே எழுதுங்கள். அவருக்குப் படிக்கத் தெரியாது. எந்தக் கடிதம் வந்தாலும் என்னிடம்தான் கொண்டுவருவார். நானாகச் சொல்ல வாய் வரவில்லை. நீங்கள் எழுதினால், ஒரு வரி விடாமல் படித்துக் காட்டுவேன்.

இப்படிக்கு,
உங்களிடம் பொய் சொன்ன
ம. லூர்துசெல்வி
ஒன்பதாம் வகுப்பு