கோட்டில் விழுந்த பந்து

பட்டுக்கோட்டை
3.5.1998

அன்புள்ள ஷம்சாத்துக்கு,

கயல் எழுதுவது. இங்கு எல்லோரும் சுகம். டென்னிஸ் சங்கத்துச் செயலாளரம்மாவுக்கு இதைப் படிக்க நேரம் இருக்குமோ என்னவோ! நாம் ஜோடியாக ஆடிய காலத்தில் நீ இவ்வளவு பெரிய ஆளாவாய் என்று யார் கண்டது?

மாநில அணித் தேர்வில் ஜெயித்ததிலிருந்து என் மகள் வேம்புக்குக் கால் தரையில் பாவவில்லை. விளையாட்டு ஒதுக்கீட்டில் இன்ஜினியரிங் சீட்டு உறுதி என்கிறார்கள். அவள் அப்பா உனக்கு ஒரு மூட்டை தேங்காய் உரித்து வைத்திருக்கிறார். கடைசி ஆட்டத்தை நீயே உட்கார்ந்து பார்த்தாயாமே. எப்படி ஆடினாள் என்று ஒரு வரி எழுதக் கூடாதா?

உன் கயல்

சென்னை
9.5.1998

அன்புள்ள கயல்,

தேங்காய் அனுப்பாதே.

வேம்பு நன்றாகத்தான் ஆடினாள். ஆனால் கடைசிப் பந்து உள்ளே. தேர்வு ஆட்டத்துக்கு நடுவர் கிடையாது, தன் பக்கம் விழும் பந்து உள்ளேயா வெளியேயா என்று அவரவரே சொல்ல வேண்டும், கோட்டில் பட்டாலும் உள்ளேதான். உனக்குத் தெரியாததா? பந்து சுண்ணாம்புக் கோட்டில் பட்ட தடத்தை நான் பார்த்தேன். வேம்பு 'அவுட்' என்று கை காட்டிவிட்டாள். எதிரே ஆடிய நாகப்பட்டினத்துப் பெண் அழுதுகொண்டே போனாள்.

வேம்பே எழுதி விலகிக்கொள்ளட்டும். இல்லையென்றால் அணிப் பட்டியலிலிருந்து அவள் பெயரை நான்தான் அடிக்க வேண்டும்.

ஷம்சாத்

பட்டுக்கோட்டை
13.5.1998

ஷம்சாத்,

கேட்டேன். "அவுட்தாம்மா" என்றாள், என் முகத்தைப் பார்க்காமல்.

இருந்தாலும் கேட்கிறேன். ஒரு பந்துக்காகப் பிள்ளை வாழ்க்கையில் மண்ணள்ளிப் போடுவாயா? கூத்தாநல்லூரில் உங்கள் வீட்டு நோன்புக் கஞ்சி குடித்து வளர்ந்தவளடி நான். உனக்கென்ன, பிள்ளையா குட்டியா? எழுதியிருக்கக் கூடாது. அடிக்கவும் மனசு வரவில்லை.

கயல்

சென்னை
17.5.1998

கயல்,

பட்டியலில் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. இந்த மாதக் கடைசி வரை வைத்திருப்பேன். அதற்கு மேல் என்னால் ஆகாது.

ஷம்சாத்

பட்டுக்கோட்டை
25.5.1998

மதிப்பிற்குரிய செயலாளர் அவர்களுக்கு,

வேம்புவின் விலகல் கடிதத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். நான் எழுதச் சொல்லவில்லை, அவளே உட்கார்ந்து எழுதினாள். இங்குள்ள காலேஜில் பி.எஸ்ஸி. சேரப்போகிறாள்.

நீங்கள் செய்தது நியாயம். குறை சொல்ல எனக்கு வாயில்லை. வேம்புதான் ஒன்று கேட்டாள்:

"அத்தை அங்கதானே உக்காந்திருந்தாங்க? அப்பவே எந்திரிச்சு, 'அடியே, பந்து உள்ளடி'ன்னு ஒரு சத்தம் போட்டிருந்தா, எனக்கு ஒரு பாயிண்டுதானேம்மா போயிருக்கும்?"

உங்களுக்குப் பதில் தெரிந்தால் அவளுக்கு எழுதுங்கள். எனக்கு வேண்டாம்.

இப்படிக்கு,
வை. கயல்விழி
உடற்கல்வி ஆசிரியை