எட்டுக் குமிழும் ஒரு புலிவாலும்

10 ஏப்ரல் 2005, ஞாயிறு

இன்றும் தீர்மானம் ஆகவில்லை.

ரெஷ்மாவிடம் வாக்குக் கொடுத்து ஒரு வாரம் ஆகிறது. கழக்கூட்டம் ஆபீசில் எனக்கு இரண்டு மேசை தள்ளி உட்காருகிறவள். விழிஞ்ஞம் மீன்பிடித் துறைமுகத்தைப் பற்றிப் பதினெட்டு நிமிடப் படம் ஒன்று எடுத்து வைத்திருக்கிறாள். படத்தில் பேச்சே கிடையாது. டிசம்பரில் ஃபிலிம் சொசைட்டி அதைத் திரையிடும்போது, திரைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நான் இசை வாசிக்க வேண்டும். "சேட்டன் எப்பவும் மியூசிக் மியூசிக்னு சொல்லும். ஒருக்கா கேக்கட்டே" என்றாள். எட்டு வருடமாக என்னை இசைக்காரன் என்று சொல்லிக்கொண்டு திரிகிறேன். இதுவரை அனுஷாவைத் தவிர யார் முன்னாலும் வாசித்ததில்லை. அவளும் மனைவி என்பதால் எழுந்து போக முடியாமல் உட்கார்ந்திருந்தவள். டிசம்பரிலும் வாசிக்காவிட்டால் அந்தச் சொல்லை விட்டுவிட வேண்டியதுதான்.

என்னிடம் இருப்பது மாடுலர் சிந்தசைசர். சத்தம் உண்டாக்க ஒரு பெட்டி, அதை வடிகட்ட ஒன்று, ஏற்றி இறக்க ஒன்று, நடுவே இடியாப்பம் போல ஒயர். பாதி நானே சால்டர் வைத்தது. எந்த ஸ்வரம் எப்போது வர வேண்டும் என்று சொல்லும் சீக்வென்சர் மட்டும் இல்லை. அது இல்லாமல் இந்தப் பெட்டி ஒரே ஸ்வரத்தில் ஊளையிடும். கீழ்வீட்டில் இருக்கும் வீட்டுக்காரி பார்வதியம்மாள் மாமி நேற்றுப் படியேறி வந்து, "குக்கர் வெயிட் போட மறந்துட்டேளா?" என்று கேட்டுவிட்டுப் போனார். திருவனந்தபுரத்தில், அதுவும் கரமனையில், இந்த வாடகைக்கு வேறு வீடு கிடைக்காது. சிரித்து வைத்தேன்.

24 ஏப்ரல்

மூன்று வரன்கள் வந்திருக்கின்றன.

ஒன்று, ஜெர்மன். எட்டு ஸ்வரத்துக்கு எட்டுக் குமிழ், எட்டு விளக்கு. பார்க்க லட்சணம். விலை, அமெரிக்க மாப்பிள்ளை வீட்டார் கேட்பது மாதிரி. இரண்டு, ஜப்பான். இரண்டாம் கை. நிறைய ஞாபகசக்தி உண்டு. ஆனால் என் பெட்டியோடு அதற்குப் பேச்சு வார்த்தை நடக்க நடுவில் ஒரு மொழிபெயர்ப்புப் பெட்டி வேண்டுமாம். அதன் விலை மாப்பிள்ளையை விட அதிகம். மூன்று, அமெரிக்காவிலிருந்து வரும் கிட். நானூறு சில்லறை உறுப்புகள், நாமே கட்டிக்கொள்ள வேண்டியது. கட்டிக்கொண்ட பிறகுதான் குணம் தெரியும்.

மூன்றையும் எக்செல்லில் போட்டுப் பொருத்தம் பார்க்கிறேன். பதினொரு பத்தி.

29 மே

இணையத்தில் இதற்கென்றே ஒரு கூட்டம் இருக்கிறது. "எதை வாங்கலாம்?" என்று கேட்டேன். பதினாறு பேர் இருபத்து மூன்று பதில் சொல்லியிருக்கிறார்கள். அதில் ஒருவர்கூட தான் வாசித்த எதையும் சொல்லவில்லை.

17 ஜூலை

ஆபீஸ் நண்பன் பிரதீஷ் நான்கு மாதம் மியூனிக் போகிறான். "எந்த மாடல்னு மட்டும் சொல்லு, கையில கொண்டு வந்துடறேன்" என்றான். கஸ்டம்ஸ் தொல்லையும் இல்லை. இனி ஆகவேண்டியது ஒன்றுதான், எந்த மாடல் என்று சொல்வது.

ரெஷ்மா முதல் எடிட்டைக் கொடுத்தாள். மீன்பிடி வள்ளங்கள் கரைக்குத் திரும்பி வரும் இடம் நன்றாக இருக்கிறது.

4 செப்டம்பர்

எட்டா, பதினாறா? இரண்டு வாரமாக இதே யோசனை. எட்டு என்றால் சீக்கிரம் அலுத்துவிடும். பதினாறு என்றால் காசு. எட்டு வாங்கிப் பிறகு இன்னொரு எட்டு வாங்கிச் சேர்க்கலாம். ஆனால் இரண்டையும் சேர்க்க வேறொரு சாமான் வேண்டும். எக்செல்லில் இப்போது பத்தொன்பது பத்தி. ஒரு பத்திக்குத் தலைப்பு 'மனசு'. அதில் எதையும் நிரப்பவில்லை.

பிரதீஷ் மூன்று மெயில் அனுப்பிவிட்டான். மூன்றாவதில் வணக்கம்கூட இல்லை.

படத்துக்கு என்ன வாசிக்கப் போகிறேன்? தெரியாது. கருவி வரட்டும்.

13 நவம்பர், ஞாயிறு

பிரதீஷ் வந்துவிட்டான்.

கடைக்குப் போகக் கடைசி நாள் என்று அவன் சொன்னது வெள்ளிக்கிழமை. நான் ஞாயிற்றுக்கிழமை பதில் போட்டேன். அதிலும் முடிவு இல்லை, வாரண்டி பற்றி ஒரு கேள்விதான். ஆபீசில் எல்லோருக்கும் சாக்லேட் கொடுத்தான். என் மேசையைத் தாண்டிப் போனான். நியாயம்தான்.

அனுஷாவிடம் சொன்னேன். தோசையைத் திருப்பிப் போட்டுவிட்டுச் சொன்னாள்: "மார்த்தாண்டத்துல என்னப் பாக்க வந்தப்ப பத்து நிமிசத்துல சரின்னு சொல்லிட்டிய. இதுக்கு ஏழு மாசமா?"

அப்போது எக்செல் தெரியாது என்றேன். சிரிக்கவில்லை.

திரையிடல் டிசம்பர் 18. முப்பத்தைந்து நாள். ரெஷ்மா நோட்டீஸில் என் பெயரை அச்சடித்துவிட்டாள். 'நேரடி இசை: செல்வகணேஷ்'. முடியாது என்று நாளைக்குச் சொல்லிவிடலாமா?

14 நவம்பர்

சொல்லவில்லை.

20 நவம்பர், ஞாயிறு

நடந்ததை வரிசையாக எழுதிவிடுகிறேன்.

மண்டல காலம் என்று தெருமுனைக் கோயிலில் பெரிய லைட் போர்டு நிறுத்தியிருக்கிறார்கள். பல்பாலேயே ஐயப்பன், கீழே பல்பாலேயே புலி. புலி வாலை ஆட்ட வேண்டும். நேற்றைய மழையில் வால் பாதியில் நின்றுவிட்டது. செங்குத்தாக, பஸ் நிறுத்தக் கை காட்டுவது போல. கும்பிட வந்தவர்கள் புலியைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். போர்டுக்குப் பின்னால் லைட்காரர், சுசீந்திரத்திலிருந்து வேனில் வந்தவர், பெயர் தாணுமாலயன், என் வயதுதான் இருக்கும், பல்புகளை மாற்றி மாற்றி எரிக்கப் புதிதாக வாங்கிய சிப் கண்ட்ரோலரை அதன் பரம்பரையோடு திட்டிக்கொண்டிருந்தார்.

கை சும்மா இருக்குமா. திறந்து பார்த்தேன். உள்ளே தண்ணீர், ஒரு டிரான்சிஸ்டர் கருகியிருந்தது. வீட்டிலிருந்து சால்டரைக் கொண்டு வந்து முக்கால் மணியில் மாற்றினேன். வால் ஆடியது. "சாரே, ஒமக்கு என்ன வேணும்னு சொல்லும்" என்றார்.

ஒன்றும் வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தபோதுதான் வேனுக்குள் அதைப் பார்த்தேன். முழங்கை நீளத்தில் ஒரு மர உருளை. மேலே அங்கங்கே செப்புத் தகடு அடித்திருந்தது. உருளையைத் தொட்டபடி ஏழு பித்தளை நாக்குகள், ஓரத்தில் ஒரு சின்ன மோட்டார். உருளை சுற்றும்போது நாக்கு தகட்டைத் தொட்டால் அந்த வரிசை பல்பு எரியும், மரத்தைத் தொட்டால் அணையும். போன வருடம் வரை புலிவாலை ஆட்டியது இதுதானாம்.

எது எப்போது வர வேண்டும் என்று சொல்லும் சாமான். ஏழு மாதமாக நான் ஜெர்மனியில் தேடியது.

"இதையா?" தாணுமாலயன் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "வெந்நி போடதுக்குப் போட்டு வச்சிருக்கேன். வேணும்னா கொண்டு போவும். திருப்பித் தரப்பிடாது."

தூக்கிக்கொண்டு தெருவில் நடந்தேன். பொருத்தம் பார்க்கவில்லை. பிடித்தது புலிவாலை என்று பிறகுதான் உறைத்தது.

27 நவம்பர்

வேலை செய்கிறது.

பல்பு இருந்த இடத்தில் ஐந்து வோல்ட். ஏழு நாக்குக்கு ஏழு குமிழ். இரண்டு தகடு ஒன்றாகத் தொடும் இடத்தில் இரண்டு வோல்டேஜும் கூடி, நான் வைக்காத ஒரு ஸ்வரம் வருகிறது. மெட்டு புலியுடையது. மெதுவாக ஏறி, ஒரு நொடி நின்று, பட் பட் என்று இரண்டு தட்டு. ஒன்றையும் மாற்ற முடியாது. எட்டா பதினாறா என்று யாரும் கேட்கவும் முடியாது. ஏழு.

ஒரே குறை, சுற்றும்போது மரம் கறக் கறக் என்று கத்துகிறது. அடியில் துண்டு மடித்து வைத்துப் பார்த்தேன். குறையவில்லை. பரவாயில்லை, என் சத்தம் ஸ்பீக்கரில் வரும்போது இது யாருக்குக் கேட்கப் போகிறது?

11 டிசம்பர்

தினமும் ஒரு மணி நேரம் வாசிக்கிறேன். வாசிக்கிறேன், ஆராய்ச்சி இல்லை. கீழிருந்து மாமி: "மேலே என்ன, மாவாட்டறேளா?" குக்கரிலிருந்து ஆட்டுக்கல்லுக்கு வந்திருக்கிறேன். முன்னேற்றம்தான்.

19 டிசம்பர், திங்கள்

லீவு போட்டேன்.

நேற்று ஹாலில் நாற்பது பேர் இருப்பார்கள். ரெஷ்மா மைக்கில் படத்தைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு, மைக்கை என் மேசையில் உருளைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள். அணைக்கவில்லை. நானும் கவனிக்கவில்லை. விளக்கு அணைந்தது, உருளையைச் சுற்ற விட்டேன். பதினெட்டு நிமிடம் எப்படிப் போனதென்று தெரியாது. எங்கும் தவறவில்லை. முடிந்ததும் கைதட்டினார்கள். நன்றாகவே தட்டினார்கள். என் வாழ்க்கையில் முதல் தடவை.

விழிஞ்ஞத்தில் வள்ளங்களுக்கு எஞ்சின் பழுது பார்க்கும் வேலாயுதன் என்பவர் முதலில் வந்து கையைப் பிடித்தார். படத்தில் அவரும் வருகிறார். "அந்தக் கறக் கறக் சத்தம், சாரே. அது பழைய எஞ்சினாக்கும். ஒரு அடி விட்டு ஒரு அடி ஓடும். உங்களுக்கு ஆரு சொன்னா?"

இரண்டாவதாக வந்தவரும் அதையே சொன்னார். மூன்றாவது ஆள் அந்த எஞ்சினை எங்கே ரெக்கார்டு செய்தேன் என்று கேட்டார். மேசையில் மைக்கின் விளக்கு அப்போதும் எரிந்துகொண்டிருந்தது.

கடைசி வரிசையில் இருந்த அனுஷாவிடம் கேட்டேன், என் வாசிப்பு கேட்டதா என்று. "அந்தக் குக்கரா? அதும் கேட்டுது. எஞ்சினுக்குப் பெறவு லேசா."

எட்டு வருஷம். சால்டர் பிடிச்சுப் பிடிச்சு விரல் நுனியெல்லாம் காய்ச்சுப் போச்சு. கைதட்டு யாருக்கு? வெந்நீர் அடுப்புக்கு வச்ச கட்டைக்கு. போதும்டா சாமி.

21 டிசம்பர்

ரெஷ்மா போன் செய்தாள். ஜனவரி 15 கோழிக்கோட்டில் திரையிடல், வர முடியுமா என்று. வரலாம் என்று சொல்ல இருந்தேன். அதற்குள், "சேட்டா, மரம் மாத்ரம் மதி. ஒயர் ஒண்ணும் தூக்கிட்டு வரண்டா" என்றாள். மரம் மட்டும் போதுமாம்.

யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். கட்டைக்குத் துணையாகப் போகும் ஆளா நான்?

24 டிசம்பர்

படத்தை டிவியில் ஓடவிட்டு இரண்டு விதமாகவும் வாசித்துப் பார்த்தேன். அவள் சொன்னது தவறு என்று நிரூபிக்கத்தான் உட்கார்ந்தேன்.

வள்ளங்கள் திரும்பி வரும் இடத்தில் என் ஸ்வரங்கள், கல்யாண வீட்டில் அழைக்காமல் வந்தவன் பேசுகிற மாதிரி இருந்தன. ஸ்பீக்கரை மூடிவிட்டு உருளையை மட்டும் கையால் சுற்றினேன். வள்ளம் வந்தது. அவ்வளவுதான், வள்ளம் வந்தது. ஒத்துக்கொள்ளக் கசக்கிறது. ஒத்துக்கொண்டுதான் ஆக வேண்டும்.

பிறகு ஒன்று செய்தேன். ஒயரையெல்லாம் பிடுங்கிவிட்டு, பெட்டியை அதன் போக்கில் ஒரே ஸ்வரத்தில், அடியில், மிக மெல்ல விட்டேன். மேலே கறக் கறக். பொருந்தி உட்கார்ந்தது. மாமியின் குக்கர்தான். அதற்குச் சீக்வென்சரே வேண்டாம். முதல் நாளிலிருந்தே வேண்டியிருக்கவில்லை.

ரெஷ்மாவைக் கூப்பிட்டு, மரமும் வரும், குக்கரும் வரும், சம்மதமா என்றேன். சம்மதம். அனுஷா காலண்டரைப் பார்த்து விரல் விட்டு எண்ணினாள். "மூணு நாளு. தேறிட்டிய."

13 ஜனவரி 2006, வெள்ளி

ஆபீஸ் விட்டு வந்தால், ரயிலுக்கு என்று மாடிப்படியில் எடுத்து வைத்திருந்த உருளை சுற்றிக்கொண்டிருக்கிறது. சத்தமில்லாமல். வெண்ணெய் மாதிரி.

பக்கத்தில் மாமி நிற்கிறார், கையில் தையல் மெஷின் எண்ணெய். "போகிக்கு எல்லாம் ஒழிச்சுத் தொடைச்சேன். பாவம், இது நித்தம் கத்திண்டு கெடக்கே, ரெண்டு சொட்டு விட்டேன். இப்போ பாருங்கோ."

பார்த்தேன். நன்றி மாமி என்றேன். உள்ளே வந்து அனுஷாவிடம், "போச்சு. எல்லாம் போச்சு. நாளைக்கு ரயிலு" என்றேன். அவள் கேலி செய்யவில்லை. எண்ணெயை எடுக்கச் சோடா மாவு கொடுத்தாள். அதற்கு எண்ணெய் அசையவில்லை.

14 ஜனவரி, பொங்கல்

பொங்கலும் அதுவுமாக மொட்டைமாடி முழுக்கப் பெட்ரோல் வாசனை. ஸ்கூட்டரிலிருந்து பெட்ரோலை இறக்கி, உருளையின் அச்சு இரண்டையும் கழற்றி, மூன்று தடவை கழுவி வெயிலில் போட்டேன். நடுவில் பிரதீஷ் மெயில். மறுபடி மியூனிக் போகிறானாம், இந்த முறையாவது மாடல் சொல்லு என்று. உடனே பதில் போட்டேன். சாக்லேட் போதும்.

பன்னிரண்டு மணிக்குச் சுற்றினேன். ஊமை. இரண்டு மணிக்கு, ஊமை. அனுஷா சுண்ணாம்புக் கட்டியைப் பொடித்து அச்சில் தேய்த்தாள். மூன்றேகாலுக்கு ஒரு சின்ன முனகல். இன்னும் தேய்த்தோம். நான்கு மணிக்குக் கறக் என்றது. நின்றது. மறுபடி கறக்.

இருவரும் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து கேட்டுக்கொண்டு நின்றோம். முற்றத்திலிருந்து மாமி நிமிர்ந்து பார்த்தார்.

"மறுபடியும் ஆரம்பிச்சுடுத்தா?"

"ஆரம்பிச்சுடுத்து மாமி" என்றேன்.

ரயில் ஏழு மணிக்கு. எண்ணெய்க் குப்பியை மாமி கண்ணில் படாத இடமாகப் பார்த்து வைத்துவிட்டுக் கிளம்ப வேண்டும்.