கழுத்தில் சிவப்பு, நீலம்

ஆகஸ்ட் 4, திங்கள். மோடம்.

காரிமங்கலம் வாழ் பொதுமக்களுக்கு ஓர் அறிவிப்பு. பெரியோர்களே, தாய்மார்களே, பதினெட்டு வயது நிரம்பிய கதிர் ஆகிய நான் இன்று பகல் பன்னிரண்டு மணி முதல் குடல் குழம்பு உண்பதை நிரந்தரமாகத் துறக்கிறேன். இரங்கல் கூட்டம் கிடையாது.

காரணம்: பிணம் கெடாமல் பதப்படுத்தும் படிப்பு. இன்றுதான் முதல் செயல்முறை விளக்கம். பூங்கொடி மேடம் ஒரு பெரியவரின் கழுத்தைத் திறந்து, அப்புறம் தொடையையும் திறந்து, ரத்தக்குழாய்களைக் கொக்கியால் தூக்கிக் காட்டினார். தமனி வழியே மருந்து உள்ளே, சிரை வழியே ரத்தம் வெளியே. பன்னிரண்டு பேரில் பாதிப் பேர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். நான் கல்தூண். கண் இமைக்கவில்லை.

இன்றைய சொற்கள்:

ட்ரோகார் – பேரில்தான் கார். வயிற்றில் குத்தி உள்ளிருப்பதை உறிஞ்சும் நீளக் குழாய். உவ்வே.

பர்ஜ் – பிணத்தின் வாய், மூக்கு வழியே வழியும் காபி நிறத் தண்ணீர். காபியும் கட்.

ஐ கேப் – கண்ணுக்குத் தொப்பி. இமை திறந்துகொள்ளாமல் இருக்க உள்ளே வைப்பது. மேலெல்லாம் குட்டிக் குட்டி முள்.

ஃபார்மலின் – பேர் ஃபார்மல், குணம் ரவுடி. கண், மூக்கு, சட்டை, சோறு எதையும் விடாது.

பஸ்ஸில் பக்கத்து சீட் அக்கா: "ஏந்தம்பி, கரப்பான் மருந்து அடிக்கிற வேலையா?" எழுந்து போய்விட்டார். ஜன்னல் சீட் எனக்கு.

ஆகஸ்ட் 5, செவ்வாய். வெயில்.

கோடு போடும் வகுப்பு. கழுத்துக்குள் குழாய் ஓடும் பாதையைத் தோலின் மேல் வரைய வேண்டும். தமனி சிவப்பு, சிரை நீலம். ஜோடி ஜோடியாக: ஒருவர் கழுத்தை நீட்ட, மற்றவர் வரைய. என் ஜோடி பெருமாள், வத்தல்மலைப் பையன். ஹாஸ்டலில் எங்கள் வகுப்பிலிருந்து அவன் ஒருவன்தான். அதிகம் பேச மாட்டான். எல்லாரையும் நம்புவான். பாவம், என்னையும்.

சிவப்பின் இடத்தில் நீலம், நீலத்தின் இடத்தில் சிவப்பு! அதுவும் அழியாத மார்க்கரில்! மேடம் பார்க்க வருவதற்குள் அவன் காலர் பட்டனை நானே போட்டுவிட்டேன். இந்த ஆண்டின் தலைசிறந்த குறும்பன் விருது: கதிர். கைதட்டல்.

ஆகஸ்ட் 6, புதன்.

தயிர்சாதத்தில் ஃபார்மலின் வாசம். மூன்று சோப்பு மாற்றியாயிற்று. அம்மா: "வூட்டுக்குள்ள வராத. பின்னால போயி மொதல்ல குளி."

பெருமாள் கழுத்தில் மை அப்படியே. "கழுவலியாடா?"

"எதுக்குடா கழுவணும்? நாளைக்குப் பரீட்சை. கண்ணாடியப் பாத்துப் பாத்து மனப்பாடம் பண்ணிட்டேன்."

பிறகு அவனாகவே சொன்னான். "எங்க சித்தப்பா திருப்பூர்ல செத்தாரு. மூணு நாளு கழிச்சுப் பொட்டியில கொண்டாந்தாங்க. ஒரே நாத்தம். தொறக்க வுடல. சித்தி கடைசி வரைக்கும் மொகத்தப் பாக்கல. அதான் இதப் படிக்க வந்தேன்."

அப்போதே சொல்லியிருக்கலாம். "சூப்பர்டா" என்றேன்.

ஆகஸ்ட் 7, வியாழன். புழுக்கம்.

வாய்மொழித் தேர்வு. தேறினால்தான் சனிக்கிழமை பிணம் கிடக்கும் மேசைப் பக்கம் நிற்கலாம். இரண்டு முறை தவறினால் படிப்பே போச்சு.

எனக்கு வந்தது வாய் தைக்கும் முறை. ஊசி கீழ் உதட்டுக்கு உள்ளே நுழைந்து, மேலே ஏறி, மூக்குத் தடுப்பு வழியே... எச்சில் விழுங்காமல் ஒப்பித்தேன். பாஸ்.

பெருமாளுக்குக் கழுத்து. தன் கழுத்தையே தொட்டுக் காட்டினான். "குரல்வளைப் பக்கம் சிரைங்க மேடம். அதுக்கு வெளிய தமனிங்க."

"உறுதியா?"

"உறுதிங்க மேடம்."

"சிரையில மருந்த ஏத்துனா மூஞ்சி உப்பி நெறம் மாறிடும்ப்பா. அப்புறம் அந்த வூட்டு சனம் எதப் பாத்து அழுவாங்க?"

பெயில். வெளியே வந்து என்னிடம் சொல்கிறான்: "நீ சரியாத்தான்டா போட்டிருப்ப. கண்ணாடியில பாத்ததுல நாந்தான் மாத்திப் புரிஞ்சிக்கிட்டேன்."

 

ஆகஸ்ட் 8, வெள்ளி. தூறல்.

மேடம் அறைக்குப் போனேன். "நாந்தான் மேடம் மாத்திப் போட்டேன். சும்மா வெளையாட்டுக்கு."

திட்டுவார் என்று பார்த்தால், உடனே பெருமாளைக் கூப்பிட்டு மறுபடி கேட்டார். சரியான இடத்தைச் சொல்லிக் கொடுத்ததும் கடகடவென்று எல்லாம் சொன்னான். நாளை அவன் மேசைப் பக்கம்.

அப்புறம் என் பக்கம் திரும்பி ஒரு கால் படத்தையும் இரண்டு மார்க்கரையும் நீட்டினார். "வெளையாட்டா மாத்துனவனுக்குச் சரியான எடம் தெரிஞ்சிருக்கணுமில்ல? தொடையில போடு."

கழுத்தில் இருப்பதுபோலவே போட்டேன். உள்பக்கம் சிவப்பு, வெளிப்பக்கம் நீலம்.

"தொடையில அப்படியே மாறி இருக்கும்ப்பா. திங்கக்கெழம ரெண்டையும் தொறந்து காட்டுனப்ப நீ எங்க இருந்த?"

என் பாஸை அடித்துவிட்டார். வரும் திங்கள் எனக்கு மறுதேர்வு.

இங்கே எழுதிவிடுகிறேன். திங்களன்று மேடம் கத்தியை வைத்ததுமே நான் வெளியே ஓடிவிட்டேன். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் வாந்தி. எதையும் பார்க்கவில்லை; அன்று எழுதியதெல்லாம் மற்றவர்கள் சொல்லக் கேட்டது. செவ்வாயன்று எந்தக் கோடு எங்கே என்று தெரியாமல் குத்துமதிப்பாகப் போட்டேன். காலர் பட்டனைப் போட்டது பயத்தில். சாயங்காலம் மற்றவர்கள் கழுத்தைப் பார்த்தபிறகுதான் தப்பென்றே தெரிந்தது. தெரியாமல் போட்டேன் என்று இந்த நோட்டில் எழுதக்கூடக் கூச்சம். அதனால் குறும்பு என்று எழுதினேன்.